டாக்டர் பதில்: வழியில் உளறிய கணவரோடு அகத்தியமலைக்கா?

கணவரோடு அகத்தியமலை ஏறலாமா என்று கேட்டு, அட்டை, மூச்சுமுட்டல், முழங்கால் வலி என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "பழகிப் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறு அணை வரை நடந்தோம், திரும்பும்போது அவர் கேட்டதையே கேட்டார், தள்ளாடினார், என்மேல் எரிந்து விழுந்தார், மறுநாள் சரியாகிவிட்டது." எனக்கு அந்த வரிதான் கடிதம். உங்களை உறுத்துவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மற்றதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அவ்வளவுதான். நகத்தால் நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திப் பிடியுங்கள். அகத்தியமலை 1,868 மீட்டர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். இமயமலை வீடியோ பார்த்து வாங்கிவைத்த டயமாக்ஸ் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை, உங்களுக்கு எதற்கு அது?

இப்போது அந்த நடை. பொன்னுருகக் காயும் புரட்டாசி வெயில், உச்சிப்பொழுது, தார் ரோடு, போதாததற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வேறு வெறும் வயிற்றில்! உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

உழைப்பும் வெயிலும் சேர்ந்து உடம்புச்சூடு 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மூளை குழம்பத் தொடங்கும். "வியர்த்துக்கொண்டுதான் இருந்தார், அதனால் வெயில் தாக்கு இல்லை" என்கிறீர்கள். நடந்து, ஓடி வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். தாகமில்லாமலே லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்து ரத்தத்தில் உப்பு (சோடியம்) இறங்கினாலும் இதே உளறல், மலைமேல் மழையில் நனைந்து உடம்பு விறைத்தாலும் இதே உளறல். உளறுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, கூட நடப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் புருஷன் பெண்டாட்டியாக இருந்தால் அதைச் சண்டை என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தடி முன்னால் போய்விடுவோம். நீங்களும் போயிருக்கிறீர்கள்.

இனி அவர் அப்படி எரிந்து விழுந்தால் நின்று, "காலையில் என்ன சாப்பிட்டோம்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் நடை அங்கேயே முடிந்தது, வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். உடம்பு கொதித்தால் நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, துண்டால் வீசிக்கொண்டே இருங்கள். விறைத்திருந்தால் ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர், மோர் எதையும் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைத் தொடாது.

ஒருமுறை இப்படி ஆனவரை இந்த வாரமே டாக்டரிடம் நேரில் காட்டி, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), சோடியம், சர்க்கரை பாருங்கள். எல்லாம் சரியென்றால் அவர் சம்மதத்தோடு 10, 14 நாள் காலை இளவெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள். போணக்காட்டிலிருந்து அகத்தியமலைக்குப் போய்வரும் மூன்று நாள் நடைக்குக் கேரள வனத்துறையில் பதிவு செய்வதெல்லாம் அப்புறம். முழங்கால் வலித்தால் அன்றைக்கு நடக்க வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.