டிரைவருக்குள் மெமரி: ஞாயிறு கேள்வி பதில்

வெள்ளவத்தையில் ஞாயிறு கூடும் நம் லினக்ஸ் வகுப்பில் இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் நெட்வொர்க் டிரைவர்கள் மெமரியை எப்படி வாங்கி, எப்படி விடுவிக்கின்றன என்பதே பேச்சு.

தெஹிவளைத் தம்பி: அக்கா, நெட்வொர்க் டிரைவருக்கு ஒரு பேட்ச் (கோட் திருத்தம்) வந்தால் முதலில் எந்த இடத்தைப் பார்ப்பீர்கள்?

மெமரி வாங்கும் ஃபங்ஷனின் அடியை, அதாவது பிழை வந்தால் வாங்கியதை விடுவிக்கும் பகுதியை. மெமரி வாங்கும் வரிகளை எழுதியவர் நூறு தரம் ஓட்டிப் பார்த்திருப்பார். பாதியில் கிடைக்காமல் போனால் என்ன நடக்கும் என்பதைத்தான் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். எட்டு ரிசீவ் ரிங்கில் (வரும் பாக்கெட்டுகளுக்கான வட்ட வரிசைகள்) ஐந்தாவதுக்கு மெமரி இல்லை என்று வையுங்கள். வாங்கிய நான்கும் தலைகீழ் வரிசையில் விடுபடுகிறதா? ஒவ்வொரு டிஎம்ஏ மேப்பிங்குக்குப் (கார்டு நேரடியாகத் தொடும்படி மெமரியைத் தயார்செய்வது) பிறகும் பிழை வந்ததா என்று பார்த்திருக்கிறாரா? விரலை வைத்து பிழை வந்தால் கோட் தாவிப் போகும் ஒவ்வொரு கோட்டோ லேபிளாக நடந்து பாருங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

அப்புறம், ரிங் அளவை மாற்றும் இடம். பழையதை விடுவித்துவிட்டுப் புதியதற்கு மெமரி கேட்கும் பேட்சை நான் ஏற்கவே மாட்டேன். புதியது கிடைக்காவிட்டால் இணைப்பே போய்விடும். சேர்வர் ஜெர்மனியில், நீங்கள் பம்பலப்பிட்டியில் இருந்தால் அதை யார் எழுப்புவது? புதியதை வாங்கிய பிறகே பழையதைத் தொட வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி: மெமரி கேட்கும்போது, காத்திருக்கலாமா கூடாதா என்று சொல்லும் கொடிகளில், பாதுகாப்புக்காக எங்கும் ஜிஎஃப்பி அட்டாமிக் போடலாமா?

வேண்டாம். வந்த பாக்கெட்டுகளை அள்ளும் நாப்பி போல் (NAPI poll) ஃபங்ஷனுக்குள் தூங்க, அதாவது காத்திருக்க, முடியாது, அங்கே அது சரி. இன்டர்ஃபேஸைத் திறக்கும்போது காத்திருக்கலாம், அங்கே காத்திருக்கும் கொடியான ஜிஎஃப்பி கெர்னல் போடுங்கள். அட்டாமிக் காத்திருக்காது. அவசரக் கையிருப்பில் கை வைக்கும், தோற்கவும் எளிதில் தோற்கும்.

இன்னொரு கேள்வி: டெவ்எம் (devm) வகை ஃபங்ஷன்களில் வாங்கியதைக் கெர்னல் தானாகவே விடுவிக்குமே, பிறகென்ன கவலை?

எப்போது விடுவிக்கும் என்பதுதான் கவலை. டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் அந்த விடுவிப்பு நடக்கும். ரிமூவுக்குள் நெட் டிவைஸை விடுவித்துவிட்டீர்கள், டெவ்எம்மில் கேட்ட இன்டரப்ட் (கார்டு சிபியுவை அழைக்கும் சைகை) இன்னும் உயிரோடு இருக்கிறது. அது ஒரு தரம் அடித்தால் போதும், விடுபட்ட மெமரியைத் தொட்டுவிடும். லினக்ஸ் நெட்வொர்க் கோடைப் பராமரிப்பவர்களின் நெட்டெவ் வழிகாட்டியே இவற்றைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

மொறட்டுவை மாணவர்: டிவைஸ் மெமரி டிசிபி கோடில் எதைக் கவனிக்க வேண்டும்?

2024இல் 6.12 கெர்னலோடு வந்தது இது. பாக்கெட்டின் தலைப்பு மட்டும் சாதாரண மெமரிக்கு வரும், உள்ளடக்கம் நேரே ஜிபியு மெமரிக்குப் போகும். ஆகவே உள்ளடக்கத்தைக் கெர்னல் வாசிக்கக் கூடாது. இதுவரை எல்லாத் துண்டும் பேஜ் என்று நம்பிய கோட் இனி டிவைஸ் மெமரித் துண்டைக் குறிக்கும் நெட் ஐஓவியையும் (net_iov) எதிர்பார்க்க வேண்டும். துண்டைத் தொடும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வாசிக்கத்தக்கதா என்ற சோதனை இருக்கிறதா என்று தேடுங்கள். பயன்படுத்திய துண்டுகளை அப்ளிகேஷனும் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் டிரைவர் துண்டுகளை எடுக்கும் பேஜ் பூல் வற்றி, பாக்கெட்டுகள் விழத் தொடங்கும்.

இன்னொருவர்: இதற்கெல்லாம் விலை கூடிய கார்டு வாங்க எங்களால் முடியாதே, அக்கா?

தோல்விப் பாதைகளைச் சோதிக்கக் கார்டே வேண்டாம். கியூஇஎம்யூ (QEMU) மென்பொருளில் ஒரு மெய்நிகர்க் கணினி போதும். கெர்னலிலேயே உள்ள ஃபெயில்ஸ்லாப் (failslab) வசதியை இயக்கி மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கச் செய்யுங்கள். கேமெம்லீக் (kmemleak) என்ற இன்னொரு வசதி எந்த மெமரி விடுபடாமல் கசிகிறது என்று காட்டும். அடுத்த ஞாயிறு லேப்டாப்போடு வாருங்கள், மெய்நிகர்க் கணினியின் நெட்வொர்க் டிரைவரான விர்ட்டியோ நெட்டில் தொடங்குவோம்.