முன்சக்கரச் சத்தம்: கேள்வி பதில்

காரின் முன்சக்கரப் பக்கம் கேட்கும் சத்தம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலரும் சத்தம் எப்படி இருக்கிறது என்று விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அதைவிட, அது எப்போது வருகிறது, என்ன செய்தால் நிற்கிறது என்பதுதான் எனக்கு அதிகம் பயன்படும்.

திண்டுக்கல்லிலிருந்து: 70,000 கிலோமீட்டர் ஓடிய சிறிய கார். வேகம் 60-ஐத் தாண்டினால் முன்பக்கம் ‘ஊங்’ என்று இரைகிறது. முன்பக்கப் பேரிங் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங் தேய்ந்தாலும், டயர் ஒழுங்கின்றித் தேய்ந்தாலும் காதுக்கு ஏறக்குறைய ஒரே இரைச்சல்தான் கேட்கும். நானே ஒருமுறை அவசரப்பட்டு என் காரின் வலப்பக்கப் பேரிங்கை மாற்றினேன். பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அதே இரைச்சல் வீடு வரை கூடவே வந்தது. குற்றவாளி டயர்தான்.

ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், அந்த வேகத்தில் சில விநாடிகள் மட்டும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை அணைக்கவே கூடாது, அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் இரைச்சல் மாறாமல் இருந்தால், அது சக்கரத்தோடு சேர்ந்தது. அடுத்து, சாலை அகலமாக இருந்தால் ஸ்டியரிங்கை மெதுவாக இடப்புறமும் வலப்புறமும் அசைத்துப் பாருங்கள். கார் இடப்புறம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தில் இறங்குகிறது. அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கப் பேரிங்கையும், வலப்புறம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கப் பேரிங்கையும் சந்தேகிக்கலாம். திருப்பத்தால் மாறாத இரைச்சல், வழவழப்பான புதிய தார்ச்சாலையில் குறைந்து சொரசொரப்பான சாலையில் கூடுகிறது என்றால் டயர்தான். வண்டி நிற்கும்போது டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பப் பல்லைப் போலக் கை தடுக்கினால் வேறு சாட்சி வேண்டியதில்லை. அப்படியும் ஐயம் தீராவிட்டால், முன்டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால், பேரிங் தப்பித்தது.

அவரே மீண்டும்: இடப்புறம் திரும்பும்போது கூடுகிறது. உறுதிசெய்ய வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வலப்பக்க முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். நியூட்ரலில் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, மறு கையால் சஸ்பென்ஷன் சுருளைப் பிடித்திருங்கள். கெட்டுப்போன பேரிங், மாவரைக்கும் கல்லைத் தொட்டதுபோல ஒரு நறநறப்பைச் சுருள் வழியாக விரல்களுக்குச் சொல்லும். காதுக்கு எட்டாததும் கைக்கு எட்டும். நறநறப்பு இருக்கும் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் வண்டியில் இருப்பது அழுத்திப் பொருத்தும் வகைப் பேரிங் என்றால், பிரஸ் இருக்கும் பட்டறையிலேயே மாற்றுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதிய பேரிங்கும் சீக்கிரமே பாடத் தொடங்கிவிடும்.

நாகர்கோவிலிலிருந்து: குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போனால் ‘கடகட’வென்கிறது. ஆனால் பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. இது என்ன விசித்திரம்?

பதில்: இந்த விசித்திரம்தான் விடையும். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரு ஸ்டெபிலைசர் கம்பி இணைக்கிறது. அதன் இரு முனைகளிலும் ஆளுக்கொரு லிங்க் ராடு உண்டு. வேகத்தடையில் இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறுவதால் அந்தக் கம்பி முறுகுவதில்லை. குழியில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போது முறுகுகிறது, தேய்ந்த லிங்க் ராடின் குமிழ் அதன் கிண்ணத்துக்குள் ஆடித் தட்டுகிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வைத்துவிட்டு, ஒருவர் காரைப் பக்கவாட்டில் குலுக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் அந்த ராடைப் பிடித்துப் பார்த்தால் தட்டுவது கையில் தெரியும். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும், அதன் முனையிலுள்ள குமிழ் மூட்டான பால் ஜாயின்டையும் அதே வேளையில் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஆனால் ‘முன்பக்கம் முழுவதையும் மாற்றிவிடலாம்’ என்ற யோசனைக்கு உடனே தலையாட்ட வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து: யூ-டர்ன் எடுக்கும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்கிறது. நேராகப் போனால் இல்லை.

பதில்: ஆக்சிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பியிருந்தாலும் எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கடத்தும் மூட்டு. சக்கரத்தின் உட்பக்கம் எட்டிப் பாருங்கள். அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கருத்த கிரீஸ் ரிம்மின் உள்விளிம்பில் தெறித்திருக்கும். பூட் கிழிந்த அன்றே கவனித்திருந்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். மண்ணும் நீரும் புகுந்து சத்தம் வரத் தொடங்கிய பிறகு, கிரீஸ் திணித்துப் பயனில்லை. ஜாயின்டையே மாற்ற வேண்டும்.

சென்னையிலிருந்து: இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் காலை, முதல் சில பிரேக்குகளில் ‘சர்ர்’ என்று உரசுகிறது.

பதில்: பிரேக் டிஸ்க்கில் படிந்த துரு. நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். போகாவிட்டால் மட்டும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் கனத்தைப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து: நேற்றுப் பஞ்சர் ஒட்டினேன். இன்று மெதுவாகப் போகும்போது ‘டொக் டொக்’ என்கிறது, ஸ்டியரிங்கும் லேசாக ஆடுகிறது. அடுத்த வாரம் சர்வீஸுக்கு விடும்போது சொல்லலாமா?

பதில்: கூடாது. வண்டியை இப்போதே ஓரங்கட்டுங்கள். சிறிய கார் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 3 சுற்று சுற்றும். உங்கள் ‘டொக் டொக்’ அந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால், வீல் நட்டுகள் தளர்ந்திருப்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வீல் ஸ்பேனரால் குறுக்கு வரிசையில் ஒவ்வொன்றாக முறுக்கிப் பாருங்கள். ஒரு நட்டு சுலபமாகச் சுழன்றாலும், சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் துளைகள் நீள்வட்டமாகிவிட்டனவா, போல்ட்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் அந்தச் சக்கரத்தோடு பட்டறை வரைகூட ஓட்ட வேண்டாம்; ஸ்டெப்னியை மாட்டுங்கள், போல்ட் கெட்டிருந்தால் மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரச்சொல்லுங்கள்.