கிரிம்ப் மானிட்டர்: ஒரு இழை குறைந்தாலும் பிடிக்குமா?

கேள்வி: ஓசூரில் வயரிங் ஹார்னஸ் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. வயர் நுனியில் உலோக டெர்மினலை நசுக்கிப் பிடிக்கவைக்க (அதுதான் கிரிம்ப்) இரண்டு டன் பிரஸ் மூன்று இருக்கின்றன. வயரைக் கையால்தான் வைக்கிறோம். டச் ஸ்கிரீன் உள்ள கிரிம்ப் ஃபோர்ஸ் மானிட்டர் பொருத்தச் சொல்கிறார் வாடிக்கையாளர். விற்பவரோ, வயருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி இழைகளில் ஒன்று குறைந்தாலும் பிடித்துவிடும் என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: உங்கள் வயரிலும் உங்கள் டெர்மினலிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்தக் கருவி கிரிம்பைப் பார்ப்பதில்லை. பிரஸ்ஸில் மேலிருந்து அடிக்கும் பகுதியான ராம் இறங்கும்போது எழும் விசையை, அங்கே பொருத்திய பீசோ சென்சார் (அழுத்தம் பட்டால் மின் சிக்னல் தருவது) உணர்கிறது. மானிட்டர் அதை ஒரு வளைகோடாக வரைந்து, நீங்கள் முதலில் பதியவைத்த வளைகோட்டோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் பிரஸ்ஸை நிறுத்தும்.

ஆகவே மொத்த விசையில் வயரின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. வயர் வைத்து ஐந்து, வெறும் டெர்மினலில் ஐந்து அடித்து, உச்ச விசையின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். (வெறும் டெர்மினல் சில சமயம் மேலிருந்து நசுக்கும் அச்சான கிரிம்பரில் ஒட்டிக்கொண்டு மேலே போகும்; அதை எடுக்காமல் அடுத்த அடி போட்டால், பிரஸ்ஸில் மாட்டி டெர்மினலை ஊட்டி நசுக்கும் அப்ளிகேட்டர் பழுதாகும்.) வயரோடு 2,400 நியூட்டன், வெறுமே 1,300 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,100; அது 2,400-இல் 46 சதவீதம். இதைத்தான் ஹெட்ரூம் என்கிறார்கள். 35 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அந்த டெர்மினலுக்கு மானிட்டரை நம்பி இருக்கக் கூடாது.

7 இழை வயரில் ஒன்று போனால், தோராயமாக அந்த 46-இல் ஏழில் ஒரு பங்கு, அதாவது 6.5 சதவீதம் விசை குறையும். கருவி பிடித்துவிடும். 19 இழை வயரில் குறைவது 2.4 சதவீதம்தான். கையால் வைக்கும்போது நல்ல கிரிம்புகளுக்குள்ளேயே அந்த அளவு ஏற்ற இறக்கம் வந்துவிட்டால், ஒரு இழை போனது அதற்குள் மறைந்துவிடும். விற்பவர் 7 இழை வயரில் காட்டிவிட்டுப் போனால் அது உங்கள் 19 இழைக்குச் சான்று ஆகாது.

வாங்கும் முன் இன்னும் இரண்டு. கையுறை போட்டு வேலை செய்பவர்கள் என்றால் அழுத்தத்தில் இயங்கும் ரெசிஸ்டிவ் திரை கேளுங்கள். கைப்பேசியில் உள்ளது போன்ற திரை சாதாரணக் கையுறைக்கு அசையாது. ஆபரேட்டர், செட்டர், தரச்சோதகர் மூவருக்கும் தனித்தனி கடவுச்சொல் இருக்க வேண்டும்.

கேள்வி: வாங்கி ஒரு மாதம் ஆகிறது. புது டெர்மினல் ரீல் மாற்றியதிலிருந்து பத்து கிரிம்புக்கு ஒரு தடவை சிவப்பு விளக்கு. வரம்பை 5-இலிருந்து 12 சதவீதமாக்கினோம். இப்போது அமைதியாக ஓடுகிறது. சரிதானே?

பதில்: இல்லை. மேலே சொன்ன கணக்கில் 6.5 சதவீதம் குறைவது இனி பச்சையில் போய்விடும். இன்றே பழைய வரம்புக்குத் திரும்புங்கள். 12 சதவீதத்தில் ஓடிய சரக்கைத் தனியே ஒதுக்கி, மாதிரி எடுத்து இழுத்துப் பாருங்கள்.

ரீலுக்கு ரீல் தகட்டின் தடிமன் சற்று மாறும். விசையும் கூடவே மாறும். பழைய வளைகோடு புது ரீலுக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம். ஆனால் உடனே ‘டீச்’ பொத்தானை (புது மாதிரி வளைகோட்டைப் பதியவைப்பது) தொடாதீர்கள். முதலில் அப்ளிகேட்டரைக் கழற்றி, அடித்தட்டின் கீழே தூளோ வயர்த் துண்டோ இருக்கிறதா என்று பாருங்கள், இறுக்கிப் பூட்டுங்கள். ஷட் ஹைட் (ராம் முழுக்க இறங்கி நிற்கும்போது அதற்கும் பிரஸ் படுகைக்கும் உள்ள இடைவெளி) 135.8 மி.மீ. நிற்கிறதா என்று சரிபாருங்கள். வயர் ஸ்டாப் (வயர் நுனி முட்டி நிற்கும் தடுப்பு) தளர்ந்திருந்தால் வயர் ஒவ்வொரு முறையும் வேறு ஆழத்தில் நிற்கும்; கையால் வயர் வைக்கும் பிரஸ்ஸில் பொய் எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சென்சார் கேபிளின் கனெக்டரில் எண்ணெயோ ஈரமோ பட்டாலும் சிக்னல் நழுவும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

இதெல்லாம் சரி என்றால், பத்து கிரிம்ப் அடித்து ஒதுக்குங்கள். அடுத்த ஐந்தின் உயரத்தைக் கூர்முனை கிரிம்ப் மைக்ரோமீட்டரால் அளந்து, டெர்மினல் தயாரிப்பாளரின் தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு இன்சுலேஷன் இறக்கையை (வயரின் மேலுறையைப் பிடிக்கும் டெர்மினல் பகுதி) மடக்காத மாதிரிகளை இழுத்துச் சோதியுங்கள், 0.5 சதுர மி.மீ. வயர் குறைந்தது 60 நியூட்டன், 0.75 என்றால் 85, 1.5 என்றால் 150 தாங்க வேண்டும் என்கிறது ஐ.இ.சி. 60352-2 என்ற சர்வதேசத் தரநிலை. இவை தேறிய பிறகே டீச். அதில் அடிக்கும் ஐந்து கிரிம்பின் வளைகோடுகளும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்; ஒன்று விலகி நின்றாலும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். நீங்கள் தவறான கிரிம்பைக் கற்றுக்கொடுத்தால் மானிட்டர் நாள் முழுக்க அதையே நல்லதென்று சொல்லிக்கொண்டிருக்கும்.

கடைசியாக வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்: ஒரு இழை வெட்டியது பத்து, இன்சுலேஷன் உள்ளே போனது பத்து, வயர் பாதி ஆழத்தில் நின்றது பத்து. முப்பதும் சிவப்பில் வர வேண்டும். ஒரு வகை தப்பினால், அந்த வகையைக் கண்ணால் பார்க்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கேள்வி: மானிட்டர் வந்த பிறகும் மைக்ரோமீட்டர் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. பல கருவிகள் நல்ல கிரிம்புகளை வைத்து மாதிரி வளைகோட்டைத் தாமாகவே மெல்ல நகர்த்திக்கொள்ளும். அப்ளிகேட்டர் மெதுவாகத் தேய்ந்தால் கருவியும் கூடவே போய்விடும், சிவப்பு விளக்கே எரியாது. அமைப்புத் திரையில் அந்த நகர்வுக்கு எல்லை வையுங்கள். ரீல் மாற்றும்போதும் ஷிப்ட் தொடங்கும்போதும் உயரத்தை அளந்து எழுதுங்கள். பெல்மவுத் (கிரிம்பின் ஓரத்தில் மணி வாய் போல விரியும் பகுதி), முன்னால் நீட்டும் இழை நுனி, வளைந்த டெர்மினல் ஆகியவற்றை விசை வளைகோடு நம்பும்படி காட்டாது. அவற்றுக்கு நல்ல வெளிச்சமும் பத்து மடங்கு லென்சும் போதும்.