ஏமனின் சனா பழைய நகரத்து வீடுகளைச் சிமென்ட் பூசிப் பாதுகாக்க முடியாதா?

முடியாது, பூசினால் கேடுதான் அதிகம். கீழே கல்லும் மேலே சுட்ட செங்கல்லும் கொண்டு எழுப்பிய அந்த உயரமான வீடுகளின் சுவர்கள், உறிஞ்சிய ஈரத்தை வெளியேற்றியாக வேண்டும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து, செங்கல்லையும் ஜிப்சம் வேலைப்பாட்டையும் உதிரச் செய்துவிடும்.

உண்மையான பலவீனம் கூரைதான். மண் பூசிய கூரையை அவ்வப்போது செப்பனிடாவிட்டால் மழைநீர் சுவருக்குள் இறங்கும். போரினால் வருமானம் இழந்த பல குடும்பங்களால் அது இயலவில்லை. 2020 ஆகஸ்ட் பெருமழையில் வீடுகள் சரிந்தன.

நீர் தேங்கும் இடங்களுக்குக் ‘கதாத்’ என்னும் சுண்ணாம்புக் காரையே ஏற்றது. எரிமலைக் கற்பொடி கலந்து, பல நாள் அடித்து இறுக்கி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, இறுதியில் விலங்குக் கொழுப்பைத் தடவுவார்கள். ஏமனிலேயே உள்ள ராதா நகரின் ஆமிரிய்யா மதரஸா இம்முறையில் மீட்கப்பட்டு, 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. ஆகவே, 2015 முதல் யுனெஸ்கோவின் அபாயத்திலுள்ள உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் இருக்கும் சனாவுக்கு, இவ்வேலை தெரிந்த கொத்தனார்களுக்குத் தொடர்ந்து கூலி கிடைக்கச் செய்வதே முதல் தேவை என்பது என் உறுதியான கருத்து.