மேற்குக் கனடாவின் கோபம்: கேள்வி பதில்

கேள்வி: எண்ணெயும் கோதுமையும் கொழிக்கும் மேற்கு மாகாணங்களுக்குத் தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் மீது அப்படி என்ன ஆத்திரம்?

பதில்: பழைய பாக்கி நிறைய இருக்கிறது. ஆல்பர்ட்டாவும் சஸ்காச்சுவானும் 1905-ல் மாகாணங்கள் ஆயின. ஆனால் அவற்றின் பொது நிலமும் கனிம வளமும் மத்திய அரசிடமே இருந்தன. 1930-ல்தான் கைக்கு வந்தன. கிழக்கிலுள்ள ஒன்டாரியோவுக்கும் பிரெஞ்சு பேசும் கியூபெக்குக்கும் அந்த உரிமை முதலிலிருந்தே உண்டு. இறக்குமதி வரி வேறு. கிழக்கத்திய ஆலைகளைக் காப்பதற்காக அதைப் போட்டார்கள். மேற்கத்திய விவசாயி கருவிகளைக் கூடுதல் விலைக்கு வாங்கி, கோதுமையை உலகச் சந்தை கொடுத்த விலைக்கு விற்றார்.

அப்புறம் 1980. அந்தத் தேர்தலில் பியர் ட்ரூடோவின் லிபரல் கட்சி 147 இடங்களுடன் பெரும்பான்மை பெற்றது. மேற்கில் கிடைத்தவை இரண்டே இரண்டு, அவையும் மனிடோபாவில். சில மாதங்களில் தேசிய எரிசக்தித் திட்டம் வந்து, உள்நாட்டு எண்ணெய் விலையை உலக விலைக்குக் கீழே பிடித்து வைத்தது. ஆல்பர்ட்டாவின் வருமானத்தைப் பற்றிய முடிவை எடுத்த கட்சியில் ஆல்பர்ட்டாவிலிருந்து ஒரு எம்.பி. கூட இல்லை.

கேள்வி: அப்படியானால் மேற்கின் எதிர்ப்புக் கட்சியான ரிஃபார்ம் கட்சி, ட்ரூடோ எதிர்ப்பில் பிறந்ததுதானே?

பதில்: இல்லை. ட்ரூடோவை எதிர்க்க முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி இருந்ததே! 1984-ல் அதன் தலைவர் பிரையன் மல்ரோனி ஆல்பர்ட்டாவின் 21 இடங்களையும் அள்ளிப் பிரதமர் ஆனார். மேற்கு எம்.பி.க்கள் அரசில் நிறைந்திருந்தார்கள். ஆனாலும் 1986-ல் சிஎஃப்-18 போர் விமானங்களின் பராமரிப்பு ஒப்பந்தத்தில், மனிடோபாவின் வினிபெக் நிறுவனத்தின் விலை குறைவாகவும் தொழில்நுட்ப மதிப்பீடு மேலாகவும் இருந்தும், கியூபெக்கின் மாண்ட்ரியால் நிறுவனத்துக்கே வேலை போனது. எதிரி செய்தால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். நம் ஆள் என்று அனுப்பியவரே செய்தால்? அடுத்த ஆண்டே பிரெஸ்டன் மேனிங் தலைமையில் ரிஃபார்ம் கட்சி தொடங்கியது. எதிர்ப்புக் கட்சிகளுக்கு உரம் போடுவது பெரும்பாலும் எதிரிக் கட்சி அல்ல, ஏமாற்றிய சொந்தக் கட்சி என்பது என் கணிப்பு.

கேள்வி: அது பிரிவினைக் கட்சியா?

பதில்: இல்லவே இல்லை. ‘மேற்கு உள்ளே வர விரும்புகிறது’ என்பதே அதன் முழக்கம். நாடாளுமன்ற மேலவையான, நியமன உறுப்பினர்கள் அமரும் செனட்டில் மாகாணங்களுக்குச் சம இடமும் நேரடித் தேர்தலும் உண்மையான அதிகாரமும் கேட்டார்கள். ஆல்பர்ட்டாவுக்கு 6 செனட்டர்கள், அதைவிட மிகச் சிறிய நியூ பிரன்ஸ்விக்குக்கு 10 என்ற கணக்கைப் பார்த்தால் கேட்டதில் நியாயம் தெரியும்.

கேள்வி: 1993-ல் ஆளுங்கட்சியான முற்போக்குக் கன்சர்வேட்டிவ் 2 இடங்களுக்குச் சுருங்கியது எப்படி?

பதில்: மல்ரோனி திரட்டிய ஆதரவாளர்களில் ஒரு பக்கம் கியூபெக் தேசியவாதிகள், மறுபக்கம் மேற்கத்தியர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு வயிறு எரியும். கியூபெக்கைத் திருப்திப்படுத்த வந்த மீச் லேக் அரசியலமைப்பு உடன்பாடு 1990-ல் கவிழ்ந்தது. மல்ரோனியின் அமைச்சர் லூசியன் பூஷார் வெளியேறி, கியூபெக் தனிநாடாக வேண்டும் என்னும் பிளாக் கெபெகுவா கட்சியை அமைத்தார். மேற்கு ரிஃபார்ம் பக்கம் போனது.

மீதியைத் தேர்தல் முறை பார்த்துக்கொண்டது. ஆளுங்கட்சிக்கு 16 சதவீத வாக்கு, ஆனால் நாடு முழுக்கச் சிதறியவை: 2 இடங்கள். பிளாக்குக்கு 13.5 சதவீதம்தான், எல்லாம் கியூபெக்கில்: 54 இடங்கள். ரிஃபார்முக்குச் சுமார் 19 சதவீதம், 52 இடங்கள். தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்னும் முறையில், ஓரிடத்தில் குவிந்த கோபத்துக்குக் கிடைக்கும் விலை இது. நாட்டைவிட்டுப் பிரிய விரும்பிய பிளாக், ‘மகாராணியின் விசுவாசமான எதிர்க்கட்சி’ என்ற பெயரில் பிரதான எதிர்க்கட்சியாக உட்கார்ந்த வேடிக்கையும் நடந்தது!

கேள்வி: ஆல்பர்ட்டா பணத்தை கியூபெக்குக்குக் கொடுக்கிறார்களாமே?

பதில்: மாகாண அரசு யாருக்கும் காசோலை எழுதுவதில்லை. வருவாய் குறைந்த மாகாணங்களுக்குக் கொடுக்கும் சமன்படுத்தும் நிதி மத்திய அரசின் பொது வருவாயிலிருந்து போகிறது. ஆல்பர்ட்டா மக்களின் வருமானம் அதிகம், அதனால் அவர்கள் செலுத்தும் மத்திய வரியும் அதிகம். 2021-ல் ஆல்பர்ட்டா நடத்திய பொது வாக்கெடுப்பில் 60 சதவீதத்துக்கு மேல் இந்த ஏற்பாட்டுக்கு எதிராக வாக்களித்தார்கள். ஒரு மாகாணம் தனியாக அரசியலமைப்பை மாற்ற முடியாதே, அதனால் எதுவும் மாறவில்லை.

கேள்வி: ரிஃபார்ம் கடைசியில் ஜெயித்ததா, தோற்றதா?

பதில்: இரண்டும். 1997-ல் 60 இடங்களுடன் பிரதான எதிர்க்கட்சி ஆனது, ஆனால் ஒன்டாரியோவில் பூஜ்யம். அங்கே ஜெயிக்காமல் ஆட்சி இல்லை. 2000-ல் பெயர் மாற்றினார்கள், 2003-ல் பழைய கன்சர்வேட்டிவ் கட்சியோடு இணைந்தார்கள். ரிஃபார்மின் ஆரம்பகாலக் கொள்கை வகுப்பாளரான ஸ்டீபன் ஹார்ப்பர் 2006-ல் பிரதமர் ஆனார். செனட் சீர்திருத்தம் மட்டும் நடக்கவில்லை. மாகாணங்களின் சம்மதம் வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ல் லிபரல்கள் ஆட்சியைத் தக்கவைத்தபோது ஆல்பர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் அவர்களுக்கு ஓரிடம்கூட இல்லை.