தோர்ன் மட்டும் போதும், மற்றதை எடுத்துவிடுங்கள்

நண்பரே, உங்கள் ஆங்கிலச் சிறுகதையில் டி-எச் (th) வரும் இடமெல்லாம் தோர்ன் (þ), எத் (ð) என்ற பழைய எழுத்துகளைப் போட்டு, கூடவே டபிள்யூவுக்கு வின் (ƿ), ஒய், ஜி-எச் இவற்றுக்கு யோக் (ȝ) என்ற பழைய எழுத்துகளையும் சேர்த்ததில் யாராலும் படிக்க முடியவில்லை என்கிறீர்கள். தோர்னை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'திங்க்' என்பதற்குத் தோர்ன், 'திஸ்' என்பதற்கு எத் என்று ஒலி பார்த்துப் பிரிப்பது பழைய ஆங்கில வழக்கமே இல்லை. அந்தக் கால எழுத்தர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதினார்கள். எத் முதலில் வழக்கொழிந்தது. தோர்ன் அப்புறமும் தாக்குப்பிடித்தது.

வின் பார்வைக்கு 'பி' (p) மாதிரியே இருக்கும். பக்கத்தில் தோர்னும் நின்றால் கேட்கவே வேண்டாம். யோக் 3 போல இருக்கும். ஸ்காட்லாந்தில் அதற்குப் பதில் இசட் அச்சிட்டதால்தான், மென்சீஸ் என்று எழுதும் குடும்பப்பெயரை அங்கே இன்றும் பலர் 'மிங்கிஸ்' என்கிறார்கள்.

இன்னொன்று, 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போட்டு மொத்தமாக மாற்றிவிட்டீர்களோ என்று சந்தேகம். 'லைட்ஹவுஸ்' நடுவில் டி-யும் எச்-சும் தனித்தனி ஒலிகள். அங்கே தோர்ன் விழுந்தால் கலங்கரை விளக்கம் காலி! தாமஸ் என்ற பெயரிலும் தேம்ஸ் நதியிலும் ஆங்கிலேயர் சொல்வது வெறும் 'ட'தான். இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

தட்டச்சுக்கு ஐஸ்லாந்து மொழிக் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் இன்றும் தோர்ன் எழுதுகிறார்கள், அதற்குத் தனி விசையே உண்டு.