ஹைப்ரிட் கார் கிளம்பாவிட்டால்: குன்னூரிலிருந்து பதில்கள்

குன்னூரில் கார்களுக்கு மின்சார வேலை பார்ப்பவன் நான். உறைபனிக் காலம் தொடங்கினால் போதும், காலை ஆறு மணிக்கே தொலைபேசி அடிக்கிறது. இந்த முறை, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார்களைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன்.

ஊட்டி காந்தலிலிருந்து ஓர் ஆசிரியை: இரண்டு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால் மீட்டர் விளக்குகள் மங்கலாக மினுக்கிவிட்டு அணைகின்றன. உள்ளே 'டக் டக்' என்று ஒரு சத்தம். ஹைப்ரிட் பேட்டரி போய்விட்டது, லட்சக்கணக்கில் செலவாகும் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள்.

பயப்பட வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அநேகமாகச் சின்னப் பேட்டரியைத்தான் காட்டுகின்றன. உங்கள் காரில் பேட்டரி இரண்டு. எஞ்சினைச் சுற்றிவிடுவது பெரிய பேட்டரி. ஆனால் அதை வண்டியோடு இணைக்கும் ரிலேக்கள் என்ற மின் சுவிட்சுகளும் கணினிகளும் இயங்க, மற்ற கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி வேண்டும். அது இறங்கிவிட்டால், பெரியது நிறைந்திருந்தாலும் அதன் கதவைத் திறக்க ஆளில்லை. வண்டி சும்மா நின்றாலும் ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதோடு காந்தல் குளிரும் சேர்ந்தால் பழைய பேட்டரி தாங்காது.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு முன் முனைகளையும் பார்த்துவிடுங்கள். சமீபத்தில் ஒரு காரில் நெகட்டிவ் முனை முழுக்க நீலப்பச்சை உப்புப் பூத்திருந்தது. கிளாம்ப் விரலால் தொட்டாலே சுழன்றது. கழற்றி, வெந்நீரில் கழுவி, கம்பி பிரஷால் தேய்த்து, பத்தாம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினேன். வேறொன்றும் செய்யவில்லை, வண்டி விழித்துக்கொண்டது.

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க ஜம்ப் கேபிள் போடுவதானால் முதலில் சிவப்புக் கேபிளை உங்கள் காரின் பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை உதவிக்கு வந்த காரின் பாசிட்டிவில் மாட்டுங்கள். அடுத்து கறுப்பை அந்தக் காரின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையை உங்கள் காரின் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தில் கவ்வுங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் மாடல்களில், இதற்கென்றே பானெட்டுக்குள் பியூஸ் பெட்டியில் ஒரு பாசிட்டிவ் முனை இருக்கும். கேபிள் மாறிவிட்டால் மின்னணுப் பாகங்கள் கருகிவிடும். செலவு நிஜமாகவே லட்சத்தைத் தொடுவது அப்போதுதான். ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். எஸ்டேட் பக்கம் தேயிலை லாரிக்காரர்கள் நல்ல மனதோடு உதவ வருவார்கள். பெரிய லாரிகளில் இருப்பது 24 வோல்ட், அதிலிருந்து எடுக்கவே கூடாது.

கோத்தகிரியிலிருந்து ஒரு விவசாயி: என் பழைய ஜீப்பைச் சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டே இருபது வருடம் கிளப்பினேன். மகனின் ஹைப்ரிட்டையும் அப்படிச் செய்யலாமா?

கூடவே கூடாது ஐயா. இதில் கிளட்ச் மிதி கிடையாது, உருட்டி எஞ்சினைப் பிடிக்க வைக்க வழியே இல்லை. மின்சாரம் செத்த வண்டி சரிவில் இறங்கினால் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக் மிதி கல்லாகிவிடும். நம் ஊர் வளைவுகளில் அடுத்து என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து கல் வைத்து நிறுத்துங்கள்.

அரவங்காட்டிலிருந்து ஓய்வு பெற்றவர்: பொத்தானை அழுத்துகிறேன், சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினால் எல்லாம் அணைகிறது.

மீட்டரில் 'ரெடி' என்ற விளக்கு எரிகிறதா ஐயா? எரிந்தால் கார் கிளம்பிவிட்டது என்றே பொருள். எஞ்சின் தேவைப்படும்போது தானே ஓடும். ரெடி வரவில்லையென்றால், பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு அழுத்துங்கள். பிரேக் மிதிக்காமல் அழுத்தினால் பாட்டுப் பெட்டிக்கு மட்டுமே உயிர் வரும். அப்படியே விட்டால் சின்னப் பேட்டரி தீர்ந்துபோகும்.

கூடலூரிலிருந்து: 'சாவி இல்லை' என்று திரையில் வருகிறது அண்ணா. சாவி என் கையில்தான் இருக்கிறது.

சாவிக்குள் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும் தம்பி. சாவியைத் தொடக்கப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிரேக் மிதித்து அழுத்து. பெரும்பாலான மாடல்களில் இது போதும். கதவு திறக்காவிட்டால் சாவிக்குள்ளேயே சின்ன இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும்.

மசினகுடியிலிருந்து: கல்லட்டி மலைப்பாதையில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பேட்டரியிலேயே கொஞ்ச தூரம் ஏறினேன், பிறகு நின்றுவிட்டது. பெட்ரோல் ஊற்றியும் கிளம்பவில்லை.

முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்றம் அது! பெரிய பேட்டரியைக் கறந்துவிட்டீர்கள். எஞ்சினைச் சுற்ற வேண்டியதே அந்தப் பேட்டரிதான், அதனால் ஜம்ப் கேபிள் இதற்கு உதவாது. திரும்பத் திரும்ப முயன்றால் மிச்சமிருப்பதும் போகும். கயிறு கட்டி இழுக்காமல், வண்டியைத் தட்டை லாரியில் ஏற்றிச் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற முடியும். முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டாரும் சேர்ந்து சுற்றிக் கெடும்.

கேத்தியிலிருந்து: மாதத்தில் மூன்று வாரம் வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது. என்ன செய்யலாம்?

வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, அரைமணிக்குக் குறையாமல் ஓட்டுங்கள். முடியாவிட்டால் திறந்தவெளியில் ரெடி விளக்கு எரிய நிறுத்தி வையுங்கள். சின்னப் பேட்டரி சார்ஜ் ஆவது அந்த நிலையில்தான். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம். எஞ்சின் தானே ஓடத் தொடங்கும், புகை உள்ளே நிறைந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படி நிற்கும் வண்டியில் எலி குடியேறும். பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயரில் பல் பட்டிருந்தால் கை வைக்காதீர்கள், இன்சுலேஷன் டேப் சுற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். அது உயர் மின்னழுத்தம் போகும் ஒயர். வண்டியை அணைத்து, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுச் சர்வீஸ் மையத்தைக் கூப்பிடுங்கள்.